வெளி வளையலாம், தமிழன் முதுகு வளையலாமா?

கோட்டைப்பட்டினத்திலும் செகதாப்பட்டினத்திலும் கடலுக்குச் செல்லும் மீனவர் படகுகளில், செயற்கைக்கோள் வழியாக இடங்காட்டும் சிறு கருவியொன்று உள்ளது. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை சிறைப்பிடிக்கும் கடல் அது. அங்குப் படகு நிற்கும் இடத்தைப் பிழையின்றி அறிவது பிழைப்பிற்கும் உயிருக்கும் உற்ற செய்தி.

அக்கருவி பிழையின்றி இடங்காட்டுவது எதனால்? ஏறத்தாழ 12,500 கல் உயரத்தில் சுற்றும் கோள்களில் மணிப்பொறிகள் உள்ளன. அங்கு ஈர்ப்புக் குறைவாதலின் அவை விரைந்தோடும்; கோளின் விரைவால் சற்றே பிந்தவுஞ் செய்யும். இரண்டையும் கணக்கிட்டால், ஒரு நொடியைப் பத்து இலக்கம் கூறிட்டதில் 38 கூறு, நாள்தோறும் அவை முந்துகின்றன. இதனைத் திருத்தாவிடில் ஒரே நாளில் ஏறத்தாழ ஏழு கல் தொலைவுப் பிழை சேரும். இத்திருத்தத்தின் பெரும்பகுதி, 1915-இல் ஐன்சுடீன் நிறுவிய பொதுச் சார்பியற் கோட்பாட்டினின்று பெறப்பட்டது.

கோட்பாடு தமிழன் படகில் ஏறிவிட்டது. தமிழன் வகுப்பறையில் தமிழாக ஏறியதா?

அம்மீனவரின் மகன் புதுக்கோட்டையில் இளங்கலை முடித்து முதுகலை இயற்பியல் படிக்கச் செல்கிறான் என்க. அவன் கையில் தரப்படுவது ஆங்கில நூல். வளைந்த வெளியை மனத்தில் உருவாக்கிப் பார்ப்பதே ஒரு பெருஞ்சுமை. அதன்மேல் அயன்மொழியின் சொற்றொடரைப் பிரித்துப் பொருள்காண்பது மற்றொரு சுமை. இரண்டாம் சுமை முதற்சுமையை மறைத்துவிடுகின்றது. மொழி விளங்காமையைப் பொருள் விளங்காமையென்று மாணவன் எண்ணுகிறான். தனக்கு அறிவு போதாதென்று தன்னையே நொந்துகொள்கிறான். பின்னர்ச் சமன்பாடுகளை நெட்டுருச் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வெளியேறுகிறான். மதிப்பெண் வருகின்றது, அறிவு வருவதில்லை. இதற்குப் பெயர் உயர்கல்வியா?

தமிழில் சொல் இல்லை என்பர் சிலர். ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததா? ‘டென்சர்’ என்னுஞ் சொல் இழுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. ‘சியோடெசிக்’ என்பது நிலத்தைப் பங்கிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியது. கடன்வாங்கிய சொற்களைத் தனதாக்கிக்கொண்டது ஆங்கிலம். தமிழோ முன்னதைப் பண்புரு என்கின்றது. பின்னதை நேர்வழி என்றாலே போதும். வளைந்த பரப்பில் வலமோ இடமோ திரும்பாது செல்லும் வழி அதுவென்று சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். குறை சொல்லில் இல்லை, சொல்வாரிடத்தில் உள்ளது.

இக்கோட்பாடு ஆங்கிலத்தில் பிறந்ததுமன்று. செருமானிய மொழியில் பிறந்தது. அம்மூலக் கட்டுரைகளைக் கொல்கத்தாவில் இரு இளம் விரிவுரையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்க்க, அப்பல்கலைக்கழகம் 1920-இல் நூலாக வெளியிட்டது. அவ்விருவர் மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத போசும் ஆவர். ஆங்கிலத்திற்கே அக்கோட்பாட்டைக் கொண்டுசேர்த்த போசு, 1948-இல் வங்கமொழியில் அறிவியல் பரப்புவதற்கென்றே ஒரு கழகம் கண்டார். சார்பியலில் தம் பெயரால் ஒரு தீர்வையே நிலைநாட்டிய வைத்தியா, குசராத்தி மொழியில் கணக்கியல் இதழ் நடத்தினார். அண்டவியல் அறிஞர் நார்லிகர் மராத்தியில் அறிவியல் நூல்கள் எழுதினார். உலகறிந்த இவர்களுக்குத் தாய்மொழி இழிவாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் பட்டம் பெற்று மேடையேறுவோர்க்கு மட்டும் ஏன் தோன்றுகின்றது?

ஆங்கிலத்தார் தம் மாணவர்க்குச் செய்வதையும் காண்க. 1973-இல் மிசுனர், தோர்ன், வீலர் ஆகிய மூவர் ஈர்ப்பைப் பற்றி 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் எழுதினர். தொடக்கநிலை மாணவர்க்கு ஒரு தடம், மேற்செல்வோர்க்கு மற்றொரு தடம் என அதனுள்ளேயே இருவழி வகுத்தனர். 2003-இல் ஆர்ட்டில் என்பார், கடினமான கணக்கைப் பின்னுக்குத் தள்ளி, இயற்பியலை முன்வைத்து இளங்கலை மாணவர்க்கென வேறொரு நூல் செய்தார். தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகட்கே பாதையை மீண்டும் மீண்டும் செப்பனிடுகின்றனர். தமிழ்ப்பிள்ளைக்கோ பாதையே வேண்டா, பறந்து வா என்கின்றனர்!

தமிழில் அம்முதனூல் எப்படித் தொடங்கலாம்? கிணற்றில் நீர் மொள்ளும்போது கயிறு அறுகின்றது. வாளியும் அதிலுள்ள நீரும் ஒருசேர வீழ்கின்றன. வீழும் அப்பொழுதில் நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை. அதற்கு எடையே இல்லாததுபோல் ஆகிவிடுகின்றது. 1907-இல் ஐன்சுடீனுக்குத் தோன்றிய முதற்பொறி இதுவே. அவர் கூரையினின்று வீழும் ஒருவனை எண்ணிப் பார்த்தார். அடுத்து, குயவர் வனைந்த பானையின் வயிற்றில் ஒரு முக்கோணம் வரைக. அதன் கோணங்களின் கூட்டு 180 பாகைக்கு மிகும். வளைவு என்பது என்னவென்று பானையே கற்பித்துவிடும். பின்னர் மீனவரின் இடங்காட்டிக் கருவியைக் கணக்காகத் தருக. சமன்பாடு அதன்பின் வரட்டும். அப்போது மாணவன் அதனைக் கண்டு அஞ்சான்.

ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தாமே வருகின்றன என்பது அடுத்த தடை. ஆங்கிலம் கற்கட்டும், வேண்டாவென்பார் யார்? அது காற்றுவரும் பலகணியாக இருக்கட்டும். வாயிலை அடைக்கும் கதவாக இருத்தலாகாது.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் எழுத்தறிந்தனர். மிதிவண்டியேறி ஊரூராய்ச் சென்றனர். அவர்கட்கு எழுத்தறிவித்தது எம்மொழி? தமிழன்றோ! தாய்க்கு விளக்கேற்றிய மொழி மகளுக்கு மட்டும் இருளாகுமா?

இனிச் செய்யவேண்டுவது தெளிவு. பல்கலைக்கழகங்கள் இயற்பியல் அறிஞரையும் தமிழறிஞரையும் ஒருங்கமர்த்துக. மொழிபெயர்ப்பாகவன்றித் தமிழிலேயே எண்ணி எழுதிய ஒரு முதனூலைச் செய்விக்க. அதனை வகுப்பில் ஓராண்டு நடத்திப் பார்த்துத் திருத்துக. அரசு அதனை அடக்கவிலைக்கு அச்சிடுக. தேர்வையும் தமிழில் எழுத வழிசெய்க. தேர்விற்கு உதவாத நூலை மாணவன் தொடமாட்டான். முன்னர் அரசின் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நூற்றுக்கணக்கில் வெளியிட்டது. முயற்சி தளர்ந்ததேயன்றி மொழி தளரவில்லை.

சித்தன்னவாயிற் குன்றின் ஏழடிப்பட்டத்தில், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் ஒருவன் உளிகொண்டு கல்லில் தமிழ் எழுதினான். தாளும் அச்சும் கணிப்பொறியும் கையிலிருக்க, அவன் வழிவந்தோர் தமிழில் எழுதத் தயங்குவதா?

ஞாயிற்றின் அருகே ஒளி வளைவது இயற்கை. அயன்மொழியின் முன் தமிழன் வளைவது அடிமை. நிமிர்க தமிழன்! எழுதுக தமிழில்!