ஆள் எடுக்காமல் ஓட்டினால்



2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, நம் குரூப்பில் பலரும் புது விதியைத்தான் திட்டினீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விதி என்ன கேட்டது? விமானிக்கு வாராந்திர ஓய்வு 36 மணிக்குப் பதில் 48 மணி. இரவுப் பணியில் தரையிறக்குவது 6 முறைக்குப் பதில் 2. 2024 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். முழுதாக வந்தது 2025 நவம்பர் 1-இல். விமானியைச் சந்தையில் போய்ப் பிடித்துவர முடியாதுதான். உரிமம் வாங்கவே 200 மணி நேரம் பறக்க வேண்டும், கேப்டனாக இன்னும் பல வருஷம். அதனால்தானே முன்கூட்டியே ஆள் எடுத்திருக்க வேண்டும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையனின் அப்பா மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேரே பள்ளிக்கு வருவார். "ஆள் வரலைன்னா அடுத்த ஷிப்டும் நம்ம தலையிலதானுங்க சார்" என்பார். ஓவர்டைம் காசு வரும், மறுப்பதற்கில்லை. ஒருநாள் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போதே கண் செருகி, பேனா கோடாக இழுத்துக்கொண்டு போனது. மில்லில் நூல் அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். விடிகாலையில் 180 பேரோடு பீளமேட்டில் இறங்குகிறவருக்குக் கண் செருகினால்?

கடைசியில் அரசு 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதியைத் தளர்த்தியது. பயணிகள் தவிப்பு தீர வேறு வழியில்லை என்றார்கள். ஆள் எடுக்காதவருக்கே சலுகை! டிக்கெட் நானூறு ரூபாய் கூடினாலும் எனக்குச் சம்மதம், ஆள் எடுக்கட்டும்.

உங்களில் விமானத் துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பிருந்தால் திருத்துங்கள், கோவிச்சுக்க மாட்டேன்.