வெங்காயத் தோலைக் குப்பையில் போடாதீர்கள்!

மாணவச் செல்வங்களே, பள்ளியில் கைவேலை என்றதும் கடைக்கு ஓடி சார்ட்டும் தெர்மாகோலும் வாங்குகிறீர்கள். பாதி வேலையை அப்பாவும் அம்மாவும் செய்து தருகிறார்கள். (இத்தனை வருடம் ஆசிரியராக இருந்தவனுக்கு இது தெரியாதா?) அதைவிட, சமையலறைக் கழிவில் துணிக்குச் சாயம் ஏற்றக் கற்றுத் தரலாம் என்பேன் நான்.

ஒருமுறை வகுப்பில் பீட்ரூட் சாற்றில் கைக்குட்டையை முக்கினோம். அழகான ரோஜா நிறம்! இரண்டு முறை அலசியதும் போயே போய்விட்டது. "ஏமாந்துட்டோம் சார்" என்றாள் ஒரு மாணவி. உண்மையில் ஏமாந்தவன் நான்தான். கறை வேறு, சாயம் வேறு. நிறம் நூலை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு துணை வேண்டும். அதுதான் படிகாரம்.

அடுத்த முறை பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை எடுத்தோம். பழைய வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை நன்றாகத் துவைத்து, கடுக்காய்த் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் காயவிட்டோம். பிறகு, ஒரு சிறு கரண்டி படிகாரம் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். தோலை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றில் துணியைப் போட்டு மெல்லச் சூடாக்கினோம். பொன் நிறம் வந்தது, அலசியும் நின்றது! மாதுளைத் தோலுக்குக் கடுக்காய்கூட வேண்டாம். அதிலேயே துவர்ப்பு இருக்கிறது.

எதற்கு இந்த மெனக்கெடல் என்பீர்கள். 1856இல் இங்கிலாந்தில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்து தயாரிக்க முயன்றபோது தற்செயலாகச் செயற்கைச் சாயம் கிடைத்தது. அதன்பின் நிறம் மலிவாகிவிட்டது. ஆனால், அதன் விலையை நொய்யல் ஆறு கொடுத்தது. சாயக்கழிவு கலந்து பயிர் பாழானதால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

வெங்காயத் தோலை வைத்துத் திருப்பூரை நடத்த முடியாதுதான். ஆனால், ஒரு கைக்குட்டையை அலச எத்தனை வாளி தண்ணீர் வேண்டும் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: இயற்கைச் சாயம் என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், தொடாதீர்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் சமைக்க வேண்டாம்.

வெங்காயத் தோலை இன்றே ஒரு பையில் சேர்க்கத் தொடங்குங்கள். ஒரு கைக்குட்டைக்கு இரண்டு, மூன்று கைப்பிடி போதும்.