பாட்டுக்கும் டிரையல் பேலன்ஸுக்கும் என்ன பகை?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் மக்களே. எனக்கும் பாட்டுக்கும் எந்தப் பங்காளிச் சண்டையும் கிடையாது. எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னாடியே பாட்டு ஆரம்பித்துவிடும். என் சண்டை எல்லாம் "பாட்டு ஓடினால்தான் எனக்குப் படிப்பு ஏறும்" என்று சொல்கிற கோஷ்டியோடுதான். போன செமஸ்டர் வரை நானும் அந்தக் கோஷ்டியில் ஆயுள் சந்தா கட்டிய உறுப்பினர். அதனால் உரிமையோடு திட்டுகிறேன்.

நடந்தது இதுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி. காதில் ஹெட்போன், மடியில் அக்கவுண்ட்ஸ் நோட்டு. டிரையல் பேலன்ஸ் போடுகிறேன், டேலி ஆகவே மாட்டேன் என்கிறது. வித்தியாசம் சரியாக 900. பி.காம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். தேடினால், 5,410 என்பதை 4,510 என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அதோடு முடிந்ததா? கம்பெனி லா நோட்டில் "இயக்குநர்களின் கடமைகள்" என்ற தலைப்புக்குக் கீழே என் கையெழுத்திலேயே "நிலா" என்று ஒரு வார்த்தை! எந்தச் சட்டத்தில் இயக்குநர்களுக்கு நிலா வருகிறது? அப்போது காதில் ஓடிய பாட்டில் வந்திருக்கிறது :-)

ரிசல்ட்டில் ஒரு அரியர். சிரிக்கலாம். ஆனால் அந்த அரியருக்குக் கட்டிய பணம் எங்கள் அம்மா பீடி சுற்றிச் சேர்த்தது. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் சொல்லி இதை எல்லோரும் நம்புகிறோம் என்று தேட ஆரம்பித்தேன்.

இந்த நம்பிக்கைக்கு 'மோசார்ட் எஃபெக்ட்' என்று ஒரு பெயர் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மோசார்ட்டின் ஒரு பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், உருவங்களை மனதில் மடித்துப் பார்ப்பது போன்ற கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் காலி. முக்கியமான விஷயம், அவர்கள் இசையைக் கேட்டு முடித்த பிறகுதான் கணக்கைச் செய்தார்கள். கேட்டுக்கொண்டே செய்யவில்லை! இது ஊர் ஊராகப் பரவி, 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கிற அளவுக்குப் போனது. 2001-ல் இன்னொரு குழு சோதித்துப் பார்த்து, இதில் மோசார்ட் மகிமை ஒன்றுமில்லை, உற்சாகமான இசையைக் கேட்டால் மனசு கொஞ்சம் தெளிகிறது, அவ்வளவுதான் என்று சொன்னார்கள்.

என் 900 ரூபாய்க்கும் ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. 1989-ல் சலாமே, பேட்லி என்ற இருவர், எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டுப் பின்னணியில் இசையை ஓடவிட்டார்கள். வெறும் வாத்திய இசையைவிட, ஆள் பாடும் இசை ஓடும்போது தப்பு அதிகம். எண்ணையும் வார்த்தையையும் நாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். அதே வாசலில் பாடகரும் வந்து நின்றால் யாராவது ஒருத்தர் வெளியே போக வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி, "நான் கேட்கிறது கொரியன் பாட்டு புள்ள, எனக்குத்தான் அர்த்தமே தெரியாதே" என்றாள். நல்ல சமாளிப்பு. ஆனால் 1976-லேயே ஜெர்மன் தெரியாத ஆட்களுக்குப் பின்னணியில் ஜெர்மன் பேச்சை ஓடவிட்டுப் பார்த்துவிட்டார்கள். அப்போதும் நினைவில் வைத்த எழுத்துகள் தடுமாறத்தான் செய்தன. பேசுகிற குரல் என்றாலே போதும், அர்த்தம் தேவையில்லை.

அப்படியானால் பாட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பாட்டை வைத்து வேலை பார்க்கும் கலை தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். தென்காசிப் பக்கம் பல வீட்டுத் திண்ணைகளில் நீங்கள் பார்க்கிற காட்சிதான். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும், பக்கத்தில் ரேடியோ. இப்போது ரேடியோ இருந்த இடத்தில் போன். வெட்டிய இலையில் தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி முடிக்க அம்மாவின் விரல்களுக்கு மூளையின் தயவு தேவையில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒருநாள் நான் பெரிய மேனேஜ்மென்ட் நிபுணர் மாதிரி, "எம்மா, வேகமான குத்துப்பாட்டா போடட்டா? இன்னும் நூறு பீடி கூடச் சுத்தலாம்லா" என்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, வேகமா சுத்துறதுக்கா பாட்டு கேக்கேன்? பொழுது போவணும்லா. இல்லன்னா இடுப்பு வலி மட்டுந்தான் தெரியும்." அந்த அம்மாவே பீடிக்கடைக்குக் கொண்டுபோகக் கட்டு எண்ணும்போது பாட்டை நிறுத்திவிடுவார்! எண்ணும்போது நான் பேசினாலும் திட்டு விழும். சலாமேயும் பேட்லியும் எங்கள் திண்ணைக்கு வந்திருந்தால் செலவு மிச்சம்.

புகையிலை சுருட்டுகிற கைகளுக்குக் காது சும்மா இருக்கிறது என்பது உலகத்துக்கே பழைய செய்தி. கியூபாவின் ஹவானாவில் 1865-லேயே சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஓர் ஆளை வைத்து, வேலை நேரத்தில் செய்தித்தாளும் கதையும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இங்கே பக்கத்தில் கேரளத்தின் கண்ணூரில் பீடித் தொழிலாளர்களும் செய்தித்தாள் வாசிக்கக் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். வார்த்தையைக் கேட்டுக்கொண்டே செய்யலாம், வேலையில் வார்த்தை இல்லாதவரை.

முதலாளி பக்கத்துக் கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1940 ஜூனில், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்றே 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. உற்பத்தி பெருக வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர்களே நாள் முழுக்கப் போடவில்லை. அரை அரை மணி நேரம்தான், அதிலும் பெரும்பாலும் வாத்திய இசை. நாமோ "எட்டு மணி நேர ஃபோகஸ் மியூசிக்" என்று போட்டுவிட்டு, அதில் அடுத்து எதைக் கேட்கலாம் என்று தேடியே அரை மணி நேரத்தை ஓட்டுகிறோம்.

இதில் பெரிய காமெடி, அருவிச் சத்தத்தை யூட்யூபில் கேட்பது. குற்றாலத்தை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! ஒரே சீராக, வார்த்தை இல்லாமல் விழுகிற சத்தம் பக்கத்து வீட்டு டிவியை அமுக்கும் என்பது உண்மைதான். சரி என்று போன சாரல் சமயத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் நிஜமாகவே போனேன். அருவி தொந்தரவே செய்யவில்லை. நேந்திரம் சிப்ஸ் வாசனையும், சீசன் கூட்டமும், "வாங்க, ஆயில் மசாஜ்" என்ற கூவலும்தான் விடவில்லை. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

கடைசியாக, கோஷ்டிக்கு என் கேள்வி. படிப்பு ஏறுவதற்காகவா பாட்டு கேட்கிறோம்? இல்லை. படிப்பு போரடிக்கிறது, துணைக்கு ஆள் தேவைப்படுகிறது. அம்மா அதை நேராக ஒத்துக்கொள்கிறார். நாம் அதற்கு 'ஃபோகஸ்' என்று பெயர் வைத்து நம்மையே ஏமாற்றுகிறோம். ரெக்கார்டு நோட்டில் கோடு போடுங்கள், துணி மடியுங்கள், ராஜா சார் பாட்டைத் தாராளமாகப் போடுங்கள். படிக்க உட்காருவதற்கு முன்னால் பிடித்ததைப் பத்து நிமிடம் கேளுங்கள். நோட்டைத் திறந்ததும் அணைத்துவிடுங்கள்.

டிஸ்கி: இந்தப் பதிவை எழுதும்போது பாட்டு கேட்கவில்லை. அரியர் பேப்பர் அடுத்த மாதம். ஹெட்போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது, பீடிக்கட்டு எண்ணும் நேரம் தவிர.