மாமாவின் மூங்கில் பத்தை

தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 11 அன்று போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 22ஆம் தேதி திருத்தியதே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வெறிபிடித்ததையும் பாய்ந்து கடிப்பதையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றது அந்தத் திருத்தம். நல்ல தீர்ப்புதான். அதற்குள் வாசலில் ஒரு அலறல். எங்கள் பாரிவாக்கம் தெருவில் வளரும் நாய்க்குட்டியின் பின்னங்காலில் பைக் ஏறிவிட்டது. மூன்று மாதம்கூட ஆகாத குட்டி. தொடை தனியாகத் தொங்கியது.

எதிர்வீட்டு மாமா வந்துவிட்டார். இந்தப் பத்தியின் நிரந்தரக் குடிமகன். கையில் முட்டை, மூங்கில் பத்தை.

"புத்தூர் கட்டு மாதிரி நானே போட்டுடறேன் தம்பி. ஒரே வாரம்!"

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்ற பலகைதான். புத்தூர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவின் மணிக்கட்டு அங்கே கட்டிச் சரியானதுதான். என் சண்டையெல்லாம் முட்டையும் துணியும் இருந்தால் போதும், தானும் வைத்தியர் என்று நினைக்கும் எதிர்வீடுகளோடு.

குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து வேப்பேரி போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. மாமாவும் கூடவே, முட்டையோடு.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், தொடை எலும்பில் உலோக பிளேட் வைக்க வேண்டும் என்றார். கட்டு போட்டால் என்ன என்று மாமா கேட்டார். டாக்டர் விளக்கினார். உடைந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பிடிக்கும். தொடைக்கு மேல் மூட்டு இடுப்பு. நாயின் இடுப்பை எப்படிக் கட்டுவது? கட்டு சரிந்து, அதன் பாரமே உடைப்பை இழுக்கும். அதைவிட மோசம், காலை நீட்டி வைத்துக் கட்டினால் குட்டியின் முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகிவிடும். பிறகு முழங்கால் மடங்காது. கால் பின்னால் நீட்டிய குச்சிதான். அதைத் திருப்புவது மிகக் கடினம். பிளேட் வைத்தால் சில நாளிலேயே காலை ஊன்றும், தசையும் ஒட்டாது.

"இரும்பை உள்ளே வெச்சா குட்டி எப்படி வளரும்?" மாமாவின் கேள்விகளில் இது ஒன்றுதான் உருப்படி. குட்டியின் எலும்பு நீள்வது இரு முனைகளிலும் உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில். திருகாணிகள் அவற்றைக் குறுக்கே பூட்டக் கூடாது. நடுத்தண்டோடு நிற்க வேண்டும். இந்த வயதில் ஏறக்குறைய நாலு வாரத்தில் எலும்பு கூடிவிடும், வளர்ந்த நாய்க்கு இன்னும் அதிக நாள் ஆகும். கூடியபின் பல குட்டிகளுக்குப் பிளேட்டை எடுத்துவிடுவார்களாம். ஹாம்பர்க்கில் ஹான்ஸ்மன் என்பவர் மனித எலும்புக்குத் தகடு வைத்ததை எழுதியது 1886இல். மாமாவுக்குத்தான் இது இன்னும் புது வைத்தியம்.

வேகமாகக் கூடுவதில் ஒரு வம்பும் உண்டு. கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும். பத்து நாள் வீட்டுக்கட்டோடு வைத்திருந்து கொண்டுவந்தால், கூடியதை மறுபடி பிரித்துத்தான் நேராக்க வேண்டும்.

ஆகவே பாரிவாக்கம்வாசிகளே, குட்டி தொடையைத் தொங்கவிட்டபடி வந்தால் எதையும் கட்டாதீர்கள். பெட்டியில் படுக்க வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். முட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மாமாவுடையது கோயம்பேடு தாண்டும்போதே உடைந்துவிட்டது.