கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ், பேஸ்மென்ட் மோட்டாருக்கு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் தண்ணீர் மோட்டாருக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பக்கத்து ஃபிளாட் நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "சார், கம்ப்யூட்டருக்குத்தான் யுபிஎஸ் இருக்கிறதே. மழை நாளில் கரண்ட் போனால் அதையே பேஸ்மென்ட் மோட்டாருக்கும் மாட்டிவிடலாமா?"

கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நாம் வாங்கும் 600 விஏ யுபிஎஸ்சில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 84 வாட் ஹவர். ஃபைல்களை சேவ் செய்து, ஒழுங்காக ஷட்-டவுன் செய்ய சில நிமிடம் தருவது மட்டுமே அதன் வேலை. அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே சுமார் 500 வாட் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். யுபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டு அணைந்துவிடும்.

நான் சொல்வது குடிதண்ணீர் சம்ப்பில் இருக்கும் மோட்டாரை அல்ல. பேஸ்மென்ட் பார்க்கிங்கின் மூலையில் ஒரு குழி இருக்குமே, அதில் சேரும் மழைநீரை வெளியே தள்ளும் மோட்டாரை. குழியில் தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை மேலே வந்து ஸ்விட்ச்சைப் போடும். இறங்கினால் அணைக்கும்.

இது எவ்வளவு தண்ணீரைத் தள்ள வேண்டும்? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவுப் பாதை 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், மேலே கூரை இல்லை என்று வையுங்கள். அந்த இடத்தில் விழும் மழை மட்டும் 24,500 லிட்டர். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழி பிடிப்பதோ 1,000 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் மோட்டார் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு 2,000 வாட் ஹவருக்கு மேல் மின்சாரம் தேவை. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி தருவது காகிதக் கணக்கிலேயே 1,800தான். ஆகவே இரண்டு பேட்டரி போட்ட, 2 கேவிஏ அளவுள்ள சைன் வேவ் இன்வெர்ட்டரை மோட்டாருக்கென்று தனியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. லிஃப்டையும் விளக்கையும் அதில் சேர்க்காதீர்கள்.

"கரண்ட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். பெருமழையில் கரண்ட் இருக்காது. தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்கும் என்று மின் வாரியமே இணைப்பை நிறுத்திவிடும். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

எங்கள் குடியிருப்பில் 2023-ல் மோட்டாரும் இருந்தது, இன்வெர்ட்டரும் இருந்தது. இன்வெர்ட்டர் வைத்திருந்த இடம் பேஸ்மென்ட் தரை! மிதவையில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கிக்கொண்டது. மோட்டார் கிளம்பவே இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது இன்வெர்ட்டர் மூழ்கியது. பக்கத்திலிருந்த சிசிடிவி ரெக்கார்டரும், அதன் ஹார்ட் டிஸ்க்கும் போயின. பதினோரு இரு சக்கர வாகனங்களின் கதையை விட்டுவிடுகிறேன்.

நாங்கள்தான் அப்படி என்று நினைத்து வெட்கப்பட்டேன். பெரிய இடத்திலும் இதே கதைதான். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, 75 பிராட் ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருந்த டேட்டா சென்டரின் ஜெனரேட்டர் உயரத்தில் பத்திரமாக இருந்தது. அதற்கு டீசல் ஏற்றும் பம்ப் பேஸ்மென்ட்டில் மூழ்கியது. சர்வர்கள் நிற்காமலிருக்க ஊழியர்கள் வாளி வாளியாக டீசலை 17 மாடி படியேறிச் சுமந்தார்கள். டாக்குமென்ட்டை காப்பி எடுத்து அதே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு "பேக்கப் எடுத்துவிட்டேன்" என்கிறோமே, அது போலத்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தெருத் தண்ணீர் சரிவுப் பாதையின் உச்சியைத் தாண்டி உள்ளே வந்தால் எந்த மோட்டாரும் உதவாது. முதல் செலவு பாதையின் உச்சியில் உயரமான மேடு கட்டுவதற்கு. மோட்டார் பிறகு. குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லையென்றால், தள்ளிய தண்ணீர் திரும்ப உள்ளே வரும்.

தண்ணீர் ஏறும்போது வண்டியை எடுக்கக் கீழே போகவே போகாதீர்கள். 2022 செப்டம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரில் புயல் மழையில் பேஸ்மென்ட்டிலிருந்து காரை எடுக்கப் போனவர்களில் 7 பேர் இறந்தார்கள்.

இப்போது மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, வாட்ச்மேனும் நானும் குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறோம். மிதவை எழும்பி, பேட்டரியில் மோட்டார் கிளம்ப வேண்டும். இரண்டாம் மாதமே ஒரு பேட்டரி செத்திருந்தது தெரிந்தது. இன்வெர்ட்டர் முதல் மாடிக்குப் போய்விட்டது. மெயின் போர்டு மட்டும் இன்னும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்கப் போகிறேன்.