வேர் வரை செல்லும் பிரதி

விழா மலர் ஒன்றைத் தொகுக்க முற்படுவோர் முதலில் நாடுவது பழைய பதிவேடுகளையே. அம்பாறை மாவட்டத்தின் பெயரால் உள்ள ஏடுகளை மட்டும் புரட்டுவோருக்குக் கல்முனையின் வரலாறு 1961ஆம் ஆண்டிலே தொடங்குவது போலத் தோன்றும். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி தனி மாவட்டமானது அவ்வாண்டில்தான். சுவாமி விபுலாநந்தர் காரைதீவிலே பிறந்த 1892இல் அம்பாறை மாவட்டம் என ஒன்று இருந்ததில்லை.

கணினித் துறையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஒரு நிரலிலோ நூலிலோ நிகழும் மாற்றங்களை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று வரிசையாகப் பதியும் ‘கிட்’ என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கினார். பிரதி எடுப்போர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் சேர்வது அதன் சிறப்பு. பெரிய களஞ்சியங்களுக்கு அது பாரமாதலின் மூன்று சிக்கனங்கள் வகுக்கப்பட்டன. அண்மைய மாற்றங்களை மட்டும் எடுத்துப் பழையவற்றை வெட்டிவிடுதல் ஒன்று. கோப்புகளின் உள்ளடக்கத்தை மூலத்திலேயே விட்டு, வேண்டும்போது வரவழைத்தல் மற்றொன்று. சில அடைவுகளை மட்டும் மேசைமேல் விரித்துக்கொள்ளுதல் மூன்றாவது.

இவற்றை யாம் குறை கூறவில்லை. ஒலுவிற் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் ஒரு நிரலைச் சோதித்துப் பார்க்க அதன் முழு வரலாற்றையும் சுமக்க வேண்டியதில்லை. ஆயினும் எல்லை அறிந்து பயன்படுத்தல் வேண்டும். வெட்டிய பிரதியிடம் ‘இவ்வரியை எழுதியவர் யார்?’ என வினவினால், வெட்டுவாயில் நிற்பவரின் பெயரையே பழைய வரிகள் அனைத்துக்கும் அது கூறும். லினக்ஸ் கருநிரலின் இன்றைய களஞ்சியமே 2005 ஏப்பிரலிலேதான் தொடங்குகின்றது. 1991 முதலான முன்வரலாறு வேறு களஞ்சியங்களில் உளது. அதனால் பலர் எழுதிய பழைய வரிகள் டோர்வால்ட்ஸ் ஒருவர் பெயரிலே நிற்கின்றன. உள்ளடக்கத்தை மூலத்தில் விட்ட பிரதியோ, இணைப்பு அறுந்தால், தன்னிடம் இல்லாத பக்கத்தைத் திறக்க மாட்டாது. சில அடைவுகளை மட்டும் விரித்தவர் அங்கே தேடிக் காணாததை, இல்லாதது என்று முடிவு கட்டிவிடுவார்.

விட்டுப்போன வரலாற்றை மீட்கும் கட்டளை ஒன்று உண்டு என்பது மெய். ஆனால் மூலம் அழியாதிருக்கும் வரையிலேயே அது பயன்படும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் மருதமுனை முதல் காரைதீவு வரை கடல் புகுந்தபோது, உயிர்களோடு வீட்டு உறுதிகளும் சான்றிதழ்களும் போயின. ஒரேயொரு முழுப் பிரதியை நம்பியிருப்பதன் விலையை இக்கரையில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே கல்லூரி மலர்களையும், கோயிற் கணக்குகளையும், பள்ளிவாசற் பதிவேடுகளையும் கணினியில் ஏற்ற விழையும் இளைஞர்க்கு எமது வேண்டுகோள் இது. வேலைக்குக் குறைப் பிரதி போதும். காவலுக்கு முழுப் பிரதியே வேண்டும். அத்தகைய முழுப் பிரதிகள் மூன்றேனும் இருத்தல் நன்று: கல்லூரியில் ஒன்று, கடலுக்கு அப்பால் உள்நாட்டில் ஒன்று, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் கையில் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் மிகப் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். அது திறக்குமாயின் காவல் செவ்விது. திறவாதாயின், மூலம் இருக்கும்போதே குறையை நிரப்பிக்கொள்ளலாம்.