திரும்பி வருவோர்க்கு ஒரு நாற்காலி



வெளிநாடு சென்று ஆராய்ச்சி செய்வது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆயிரம் பேர் உண்டு. எந்தப் பல்கலைக் கழகம் நல்லது, எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம், விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதற்கெல்லாம் விடுதித் தாழ்வாரத்திலேயே விடை கிடைத்துவிடும். ஆனால், டாக்டர் பட்டம் பெற்று, அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சியும் முடித்த ஒருவர் திரும்பி வருவது எப்படி? இதற்கு விடை சொல்வார் அரியர். "தாயகம் திரும்பி வா" என்று மேடையில் அழைப்பவர் பலர். "வந்தால் இங்கே உட்கார்" என்று நாற்காலி காட்டுபவர் சிலர்.

நாற்காலி என்று நான் சொல்வது பெரிய பதவியை அன்று. இரண்டாண்டோ ஐந்தாண்டோ, உபகாரச் சம்பளத்துடன் ஆராய்ச்சியைத் தொடர இடமளிக்கும் ஃபெல்லோஷிப்பைத்தான் சொல்கிறேன். சிறு பொருளாகத் தோன்றும் அதன் அருமையை அறிய இருவரின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

ஹர்கோவிந்த் கொரானா 1945-ல் இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்றார். 1948-ல் லிவர்ப்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார்; சூரிச்சில் மேலும் ஆராய்ச்சி செய்தார்; 1949-ல் தாயகம் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு ஒரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. பிறகு கனடா, பிறகு அமெரிக்கா. 1968-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அவர் அமெரிக்கக் குடிமகன்.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே பதவி தர முன்வந்தார்கள். மறுத்துவிட்டு 1954-ல் திரும்பினார். அவர் கற்றதோ உருளைக்கிழங்கின் மரபியல். இங்கே கிடைத்ததோ கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தற்காலிக வேலை. சில மாதங்கள்தாம். அதே ஆண்டில் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பிறகு கோதுமையில் நடந்தது நாடறிந்த கதை.

கொரானா அறிவில் குறைந்தவரா? இல்லை. வந்து பார்க்காமலே போனவரா? அதுவும் இல்லை. என் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றே. ஒருவருக்குச் சில மாதங்கள் அமர இடம் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. 1958-லேயே சி.எஸ்.ஐ.ஆர். மூலம் விஞ்ஞானிகள் 'பூல்' என்ற ஏற்பாடு வந்தது. திரும்பி வருவோர் நிலையான வேலை தேடிக்கொள்ளும் வரை, சம்பளம் கொடுத்து ஓர் ஆய்வுக்கூடத்தில் அமர்த்துவது அதன் நோக்கம். இந்த நூற்றாண்டில் ராமலிங்கசுவாமி, ராமானுஜன், இன்ஸ்பயர் என்ற பெயர்களில் ஐந்தாண்டு ஃபெல்லோஷிப்புகள் தொடங்கப்பெற்றன. 2008-ல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்டும் கூடி 'இந்தியா அலையன்ஸ்' அமைத்தன; அதன் அலுவலகம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. ஆக, நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றை அடைவதில்தான் சங்கடம். அதில் நம் பங்கும் உண்டு. கொடுப்போர் பங்கும் உண்டு.

நான் இதை எழுதுவது பட்டான்செருவிலிருந்து. ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், 1972-ல் தோன்றிய இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. செம்மண்ணும் கரிசலும் ஒரே வேலிக்குள் கிடக்கின்றன. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று வானம் பார்த்த பூமியின் பயிர்களுக்கு இது தலைவாசல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இங்கே குளிர் அறைகளில் காக்கப்படுகின்றன. இந்த ஊருக்கு வந்தபின், திரும்பி வர விரும்பும் தமிழ் இளைஞர்கள் தங்கள் விண்ணப்பங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. அவற்றைப் படித்ததனால் மூன்று செய்திகளைத் துணிந்து சொல்கிறேன்.

முதலாவது, காலம். ராமானுஜன், ராமலிங்கசுவாமி போன்றவை வெளிநாட்டில் பணியாற்றுவோரை அழைத்து வருவதற்கென்றே வகுக்கப்பட்டவை. "முதலில் ஊர் போய்ச் சேருவோம், பிறகு விண்ணப்பிப்போம்" என்று பெட்டி கட்டுகிறவர், கையிலிருந்த தகுதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரக்கூடும். அங்கே இருக்கும்போதே, ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே தொடங்குங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அண்ணன் சொன்னார், அக்காள் சொன்னார் என்று இராமல், அந்த ஆண்டின் அறிவிப்பை நீங்களே வரிவரியாகப் படியுங்கள்.

இரண்டாவது, இடம். பெரும்பாலான ஃபெல்லோஷிப்புகளுக்கு ஓர் ஆய்வு நிலையத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால், நாற்பது பேருக்கும் அது தெரிந்துவிடும். விடுமுறையில் ஊர் வரும்போது, கல்யாண வீடுகளுக்கு நடுவே ஒரு நாளை ஒதுக்கி அந்த ஆய்வுக்கூடத்தை நேரில் பாருங்கள். என்ன கருவி இருக்கிறது? எது பழுதாகிக் கிடக்கிறது? மின்சாரம் எப்படி? உங்களோடு வேலை செய்யப்போகும் மாணவர் யார்? இவற்றை அறியாமல் எழுதும் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, கேள்வி. இதுவே தலையாயது. நான் படித்த விண்ணப்பங்களில் வெளிநாட்டில் கற்றது மூன்று பக்கம் இருக்கும். இங்கே செய்யப்போவது அரைப் பக்கம் இருக்கும். அது தலைகீழாக வேண்டும். அயல்நாட்டில் நான் கடுகினத்துச் சிறு செடி ஒன்றை ஆராய்ந்தேன். அங்கே பழகிய முறையைக் கொண்டு, நம் குழம்பில் வேகும் துவரையைப் பற்றி என்ன கேட்கலாம் என்று எழுதினேன். உழவன் கேட்கும் கேள்வியும் ஆய்வுக்கூடம் கேட்கும் கேள்வியும் சந்திக்கும் இடத்தில் நின்று எழுதும் விண்ணப்பத்துக்குத் தனி வலிமை உண்டு. "ஏன் இந்தியாவில்?" என்று தேர்வுக் குழு கேட்டால், நாட்டுப்பற்றைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்.

இனி, கொடுப்போர் பங்கு. என் விண்ணப்பம் ஒன்றுக்குப் பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டா. நான் வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது. கடிதமோ, "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றது! சிரிக்கலாம். ஆனால், ஒப்பந்தமும் விசாவும் ஒரே மாதத்தில் முடிகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊரில் வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது. தங்கையின் படிப்பு நடுவில் நிற்கிறது. வசதி படைத்தவர் பதினொரு மாதம் காத்திருப்பார். ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிக் காத்திருக்கும்? கிடைத்த வேலைக்கு, கிடைத்த நாட்டில் கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு, "நாட்டை மறந்தான்" என்று பழி சொல்வது நியாயமா?

ஆகவே சில கோரிக்கைகள். முடிவு சொல்லும் நாளை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். அந்த நாள் தவறக்கூடாது. சம்பளம் மாதந்தோறும் வரவேண்டும். வயதைக் கணக்கிடுவதை விட்டு, பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சியில் செலவிட்ட ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும். குடும்பக் கடனை அடைக்க இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவரும், குழந்தையை வளர்த்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பும் பெண்ணும் வயது வரம்பில் அடிபட்டுப் போகிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் என்ன என்பதற்கும் ஒரு விடை வேண்டும். நிலையான பதவிக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. தக்கவரா என்று ஆராய்ந்து, எழுத்தில் ஒரு முடிவு சொல்லுமாறு கேட்கிறோம்.

இவற்றைக் கேட்பது பிச்சையன்று. பொதுப்பணத்தில் நாட்டின் பள்ளிகளும் கல்லூரிகளும் வளர்த்த அறிவை நாட்டுக்கே பயன்படுத்த வழி கேட்கிறோம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் வெளிநாடு செல்வோர்க்கு மாலையிட்டு வழியனுப்புகிறது. நல்லது. அத்துடன் இன்னொரு வேலையும் செய்யலாம். திரும்பி வந்து இந்நாட்டில் பணியாற்றும் பழைய மாணவர்களின் பட்டியலைத் தயாரித்து, புறப்படுவோர் கையில் கொடுக்கலாம். விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தித் தரவும், ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று காட்டவும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், திரும்பும் வழி பாதி தெளிந்துவிடும். பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பட்டான்செருவுக்கு யார் வந்தாலும் வரவேற்கக் காத்திருக்கிறேன்.